சந்தவாசல் வழியாக நைஜீரியா

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் கண்ணமங்கலம் தாண்டியதும் வலது கைப்பக்கம் ஜவ்வாது மலை நெருங்கி வந்துவிடுகிறது. அதன் அடியில் இருக்கிறது சந்தவாசல். வெளியூர்க்காரர்களுக்கு இது படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்பும் இடம், அவ்வளவுதான். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த படவேடே இன்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கோயில்களாக மட்டும் மிஞ்சிக் கிடக்கும்போது, அதற்கு வழிகாட்டும் ஊரிடம் பெரிதாக என்ன எதிர்பார்க்க முடியும்? டீக்கடை, உரக்கடை, அடகுக்கடை, பெட்ரோல் பங்க், வனத்துறை அலுவலகம். ஐப்பசி பிறந்துவிட்டால் பார்த்த பக்கமெல்லாம் மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது.

பெரியப்பா மகனோடு போயிருந்தேன். லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் கணக்கு வழக்கு பார்த்தவர். நைஜீரியாவின் நைரா, டாலருக்கு 460 என்று இருந்தது ஒரு வருஷத்துக்குள் 1,500-ஐத் தொட்டது. "இனிமே இங்க சம்பாதிக்கிறதும் ஒண்ணு, சும்மா இருக்கறதும் ஒண்ணு" என்று மூட்டை கட்டிவிட்டார். படவேட்டம்மனுக்கு அண்ணியின் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. எனக்கு ஜமுனாமரத்தூர் வரை மலையேறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இரண்டையும் சேர்த்துக் கிளம்பினோம்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ரோட்டோர நிலத்தில் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பிடுங்கிப் போட்ட செடிகள் மலை மாதிரி குவிந்திருக்க, சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். இடது கையில் ஒரு கொத்துச் செடி, வலது கை காயை மட்டும் உருவி அன்னக்கூடையில் போடுகிறது. கண் அந்த வேலையில் இல்லை. பேச்சு வேறெங்கோ ஓடுகிறது. பொக்குக் காய் கைக்கு வந்தால் மட்டும் விரலே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுகிறது. செம்மண் நகக்கண்ணில் ஏறி, நகமே சிவப்பாகத் தெரிகிறது.

"என்ன ரேட்டு போவுது பாட்டி?" என்று அண்ணன் கேட்டார்.

"எங்களக் கேட்டா? கமிட்டியில போய்க் கேளு. அவன் சொல்றதுதான் ரேட்டு" என்றார் பாட்டி. கமிட்டி என்பது ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். பிறகு ஒரு கை காய் அள்ளி அண்ணனின் சட்டைப் பையில் திணித்தார். "பச்சையா துன்னாத, பித்தம். வேவெச்சுத் துன்னு."

அண்ணன் பச்சையாகத்தான் தின்றார். தின்றுகொண்டே கானோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

கானோ வட நைஜீரியாவின் பழைய வணிக நகரம். 1912 வாக்கில் லாகோஸிலிருந்து ரயில் வந்து சேர்ந்ததும், அந்த வட்டாரத்து உழவர்கள் கடலை போட ஆரம்பித்தார்கள். அறுவடை முடிந்தால் ஊர் எல்லையில் கடலை மூட்டைகளைப் பிரமிடு பிரமிடாக அடுக்குவார்கள். ஒரு பிரமிடுக்கு 15,000 மூட்டை வரை பிடிக்கும். ரயில் பெட்டி கிடைக்கும்வரை மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். தபால்தலையில் போடும் அளவுக்கு நாட்டின் அடையாளமாக இருந்தவை அந்தக் கடலைப் பிரமிடுகள். 1960-இல் சுதந்திரம் வந்தபோது வடக்கே கடலையும் பருத்தியும், மேற்கே கொக்கோ, கிழக்கே பனை எண்ணெய் என்று ஆளுக்கொரு திக்கில் விளைந்ததை விற்றுத்தான் நைஜீரியா பிழைத்தது. கம்பெனி வேலையாகக் கானோ போன அண்ணன், பிரமிடு எங்கே என்று டிரைவரிடம் கேட்டிருக்கிறார். டிரைவர் காட்டிய இடத்தில் கட்டடங்கள்தான் இருந்தன.

எங்கே போயின? எழுபதுகளின் தொடக்கத்தில் சஹேல் வறட்சி வந்தது. 1975-இல் ரோசெட் என்ற நச்சுயிரி நோய் கடலைக் காடுகளை அழித்தது. அரசு வாரியங்கள் உழவனிடம் அடிமாட்டு விலைக்குக் கொள்முதல் செய்து வந்தது அதற்கு முன்பிருந்தே நடந்த கதை. இவை எல்லாம் இருந்தும் கடலை ஒருவேளை தப்பித்திருக்கும், எண்ணெய் மட்டும் வராமலிருந்தால்.

1956-இல் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் ஒலோய்பிரி என்ற சிற்றூரில் ஷெல்-பிபி நிறுவனத்துக்குக் கச்சா எண்ணெய் கிட்டியது. 1958-இல் முதல் கப்பல் ஏறியது. 1973-74-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது நைஜீரிய அரசுக்குப் பணத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நைரா கனத்தது. நாணயம் கனத்தால் வெளிநாட்டுச் சரக்கு மலிவு. உள்ளூர் விளைச்சலை வெளியே விற்றால் கட்டாது. அரிசியும் கோதுமையும் கப்பலில் இறங்க, கடலை போட்ட இளைஞர்கள் லாகோஸில் சித்தாள் வேலைக்குப் போனார்கள். பொருளாதாரத்தில் இதை டச்சு நோய் என்பார்கள். நெதர்லாந்தின் எரிவாயு, அந்நாட்டுத் தொழிற்சாலைகளைப் படுத்திய பாட்டைப் பார்த்து 1977-இல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை வைத்த பெயர். நெதர்லாந்து எழுந்து நடமாடியது. நைஜீரியா படுத்தது படுத்ததுதான்.

அந்தக் காலத்துக் கூத்துகளில் சிமெண்ட் கதை ஒன்று போதும். 1975-இல் ராணுவ அரசு, துறைமுகத்தின் கொள்ளளவைப் போல் பல மடங்கு சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் லாகோஸ் கடலில் மாதக்கணக்கில் வரிசையில் நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு தண்டம் கட்டியது. சில கப்பல்களில் சிமெண்ட் உள்ளேயே இறுகிப்போனது.

சந்தவாசலுக்கு நடந்து வந்து பெட்ரோல் பங்க் எதிரே பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணன் சிரித்தார். பத்து வருஷத்துக்கு முன் நைஜீரியக் கச்சா எண்ணெயை உலகிலேயே அதிகம் வாங்கிய நாடாக இந்தியா இருந்தது. இந்தப் பங்கிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டிக்குப் போட்ட பெட்ரோலில் கொஞ்சம் அங்கிருந்து வந்ததாகவும் இருந்திருக்கலாம். "இங்க காசு குடுத்தா அஞ்சு நிமிஷத்துல போட்டுடறான். எண்ணெய் எடுக்கற ஊர்ல நான் விடியக்காலையிலேர்ந்து க்யூவுல நின்னிருக்கேன்" என்றார். மின்சாரம் வருவதும் போவதும் தெரியாது, வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர். சின்ன ஜெனரேட்டருக்கு அந்த ஊரில் வைத்திருக்கும் செல்லப்பெயர்: 'பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்.' நகைச்சுவை உணர்வில் நைஜீரியர்களை மிஞ்ச முடியாது என்பது அண்ணனின் தீர்மானமான கருத்து.

கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு பெட்ரோலை இறக்குமதி செய்வது நைஜீரியாவின் நெடுநாள் வழக்கம். போர்ட் ஹார்கோர்ட்டில் 1965-இலேயே சுத்திகரிப்பு ஆலை வந்தது. பிறகு வாரி, கடுனா. அரசு கையில் இருந்த அவை வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. இறக்குமதி பெட்ரோலுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை 2023 மே 29 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டினுபு நிறுத்துவதாக அறிவித்தார். விலை சில நாளில் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்கு ஒரு வாரம் முன்புதான் லாகோஸ் அருகே லெக்கியில் அலிகோ டங்கோட்டேவின் தனியார் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்துவைத்தார்கள். நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் கொள்ளளவு, ஆப்பிரிக்காவிலேயே பெரியது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, டங்கோட்டேவின் கொள்ளுத் தாத்தா அல்ஹசன் டன்டாட்டா கானோவின் பெரிய கடலை வியாபாரி. அந்தப் பிரமிடுகளில் பலவற்றை அடுக்கிய கை அது.

சந்தவாசல் மல்லாட்டைக்கு அந்தக் கதி வரவில்லையே என்று நான் பெருமையாகச் சொன்னேன். அண்ணன் எதிரே இருந்த ரேஷன் கடையைக் காட்டினார். லிட்டர் 25 ரூபாய் பாமாயில் பாக்கெட். 1994-இல் பாமாயில் இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட்ட பிறகு கடலை எண்ணெயில் தாளித்த வீடுகள் எத்தனை மாறிவிட்டன! அந்தப் பாமாயில் வருவது இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. ஆனால் மரம் மேற்கு ஆப்பிரிக்காவுடையது. 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளின் வம்சம்தான் தென்கிழக்கு ஆசியாவின் தோட்டங்களில் பெருகியது. அறுபதுகள் வரை உலகில் அதிகப் பனை எண்ணெய் எடுத்த நாடு நைஜீரியா. இன்று அதுவும் வெளியிலிருந்து வாங்குகிறது. இந்தப் பாட்டிக்கும் கானோ உழவனுக்கும் விலையைக் குறைப்பது ஒரே மரத்தின் எண்ணெய் என்றால் சற்று மிகைதான். ஆனால் பொய்யில்லை.

போளூர் போய், அத்திமூர் வழியாக மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வளைவுக்கு வளைவு காது அடைக்கிறது. கீழே மல்லாட்டை நிலங்கள் கட்டம் கட்டமாகச் சுருங்க, இரண்டு பக்கமும் காடு. இந்தக் காட்டைப் பற்றித்தான் அண்ணனிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒலோய்பிரிக்கு நம் பக்கத்தில் ஓர் ஊரைத் தேடினால் அது கடலை விளையும் சமவெளியில் இல்லை, மேலே இருக்கிறது. இங்கே எண்ணெய் மண்ணுக்கு அடியில் இருக்கவில்லை, மரத்துக்குள் இருந்தது.

சந்தன மரம் விசித்திரமான பிறவி. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பற்றவைத்து உறிஞ்சி வளரும். நட்டுப் பல வருஷம் வரை வெறும் விறகுதான். உள்ளே வைரம் பாயப் பாயத்தான் மணம். தண்டைவிட வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டி எடுப்பார்கள். ஆகவே எடுத்த இடத்தில் அடிக்கட்டைகூட மிஞ்சாது. மைசூர் அரசில் 1792-இல் திப்பு சுல்தான் இதை அரச மரமாக அறிவித்தார். இது அரசுக்கே உரிய மரம் என்று அர்த்தம். வெள்ளைக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள், சுதந்திர அரசும் விடவில்லை. சொந்தப் பட்டா நிலத்தில் பறவை எச்சத்தில் தானாக முளைத்த சந்தனத்தைக்கூட நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு வெட்டி விற்க முடியாது. ஜவ்வாது மலையில் எடுத்த கட்டைகள் திருப்பத்தூர் அரசு சந்தனக் கிடங்குக்குப் போய், செதுக்கி, தரம் பிரித்து, ஏலத்தில் போயின.

இதைச் சொன்னதும் அண்ணன், "அதே சட்டம்தான்" என்றார். நைஜீரியாவில் 1969-இல் வந்த பெட்ரோலியச் சட்டம், நாட்டில் எங்கே எண்ணெய் கிடைத்தாலும் அது மத்திய அரசுக்குச் சொந்தம் என்றது. கடலையும் கொக்கோவும் விளைந்த காலத்தில் விளைந்த வட்டாரத்துக்கு வருவாயில் பாதி போகும் ஏற்பாடு இருந்தது. எண்ணெய் வந்ததும் அந்தப் பங்கு கரைந்துகொண்டே போய், கழிமுகத்து மக்கள் கத்திக் கதறி, 1999 அரசியல் சட்டத்தில் குறைந்தது 13 சதவீதம் என்று நின்றது. அதற்குள் ஓகோனி மக்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை 1995 நவம்பர் 10 அன்று ராணுவ அரசு தூக்கில் போட்டுவிட்டது. ஓகோனி நிலத்தில் கசிந்த எண்ணெயை முழுக்கச் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருஷம் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் சொன்னது. ஒலோய்பிரியின் முதல் கிணறு வற்றி, துருப்பிடித்த குழாய்த் தலையோடு நிற்கிறது.

ஒப்பீட்டை ரொம்பவும் நீட்டக் கூடாது. சந்தனம் ஒருபோதும் தமிழ்நாட்டைச் சுமக்கவில்லை; நைஜீரியாவின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு வரை எண்ணெய் தந்த காலம் உண்டு. நமக்கு ஆம்பூர் தோலும், திருப்பூர் பனியனும், ஸ்ரீபெரும்புதூர் காரும் இருக்கின்றன. ஆனால் மலைமேல் இருப்பவர்கள் கணக்கில் பார்த்தால் ஒப்பீடு கச்சிதமாகப் பொருந்துகிறது. விலையுள்ள பொருள் ஒன்றே ஒன்று. அதன் சொந்தக்காரர் வெகு தூரத்தில். பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அதைத் தொட்டால் வழக்கு.

மைசூர் ஒரு காரியம் வேறு மாதிரிச் செய்தது. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டு ஜெர்மனிக்குப் போகவேண்டிய கட்டைகள் தேங்கியதும், சமஸ்தானம் 1916-இல் சொந்தமாகச் சந்தன எண்ணெய் ஆலையும், 1918-இல் சோப்பு ஆலையும் தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு இன்றும் அண்ணியின் குளியலறையில் இருக்கிறது. போருக்கு இரண்டே வருஷத்தில் மைசூர் செய்ததை, நைஜீரியா தன் அரசு ஆலைகளை முடங்கவிட்ட பின், எண்ணெய் கிடைத்து அறுபத்தேழு வருஷத்துக்குப் பிறகு ஒரு தனியார் முதலாளியை வைத்துச் செய்து பார்க்கிறது.

இந்தியாவில் 1950-களில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் சந்தன மரம் கிடைத்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷம் முடிவதற்குள் அது 500 டன்னுக்கும் கீழே போனது. ஸ்பைக் நோய் ஒரு பக்கம், கடத்தல் ஒரு பக்கம். வீரப்பன் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத புரோக்கர்கள் மலைக்கு மலை இருந்தார்கள். கூலிக்கு மரம் தோண்டியவர்கள் மலைவாசிகள், மாட்டியவர்களும் அவர்களே. 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கின. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்குக்கு வயது முப்பத்தொன்று.

ஜமுனாமரத்தூர் ஒரு கடைத்தெரு ஊர். சாமை அரிசி, தேன், புளி, சீத்தாப்பழம். சனிக்கிழமை வந்து அருவியைப் பார்த்துவிட்டுப் போகும் கார்கள். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அண்ணனை எந்த ஊர் என்று விசாரித்தார். லாகோஸ் என்றதும், "அங்க மரம் கீதா?" என்று கேட்டார். எல்லா ஊரையும் அவர் மரத்தை வைத்துத்தான் அளக்கிறார். மலையில் சந்தனம் அருகிய பிறகு கோடாலி பிடித்த கைகளுக்கு என்ன வேலை வந்தது என்று நான் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்: "நம்ம பசங்க ஆந்திராவுக்குப் போனாங்க."

ஆந்திரம் என்றால் சேஷாசலம் காடு. அங்கே செம்மரம். கட்டட வேலை, பெயின்ட் வேலை என்று சொல்லி மேஸ்திரிகள் பஸ் ஏற்றிவிடுவார்கள். ஒரு நடைக்குக் கிடைக்கும் பணம் கேரளத்தில் மாதக்கணக்கில் கூலி வேலை பார்த்தாலும் கிடைக்காது. 2015 ஏப்ரல் 7 விடியற்காலையில் சித்தூர் மாவட்டம் சந்திரகிரி அருகே ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பகுதி திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்கள். ஜவ்வாது மலை மேலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் போனவர்கள் அதில் உண்டு. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பஸ்ஸிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்பும் அதைச் சொன்னார்கள்.

நைஜர் கழிமுகத்திலும் இதே இளைஞர்கள் இருக்கிறார்கள் என்றார் அண்ணன். ஷெல் குழாயில் துளை போட்டு, சதுப்புக் காட்டுக்குள் பீப்பாய் வைத்துக் காய்ச்சி, டீசல் எடுத்து விற்பார்கள். தீப்பிடித்தால் கூண்டோடு கருகுவார்கள். மறுநாள் பேப்பரில் 'எண்ணெய்த் திருடர்கள்' என்று வரும். பெரியவர் இதை மிக கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கீழே, மலையடிவாரத்தில் தெரிந்தவரின் உறவினர் நிலத்தில் இறங்கினோம். வரப்போரம் இடுப்பளவு சந்தனக் கன்றுகள், துணைக்குத் துவரை. 2002-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே என்று ஆக்கியதற்குப் பிறகு வந்த தைரியம் இது. என்றாலும் வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறையிடம்தான் நிற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குனனுராவில் நம் சந்தனத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டிருக்கிறார்கள் என்றும், நட்ட பெரிய கம்பெனி 2018-இல் கடனில் மூழ்கித் திணறியது என்றும் சொன்னேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. அவருடைய கவலை வேறு. வைரம் பாய இன்னும் பதினைந்து வருஷம் ஆகும். அதுவரை காவலுக்கு யார்? அடங்கலில் ஏற்றச் சொல்லி வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நடந்துகொண்டிருக்கிறார். நடுவில் உள்ள நிலத்தில் மட்டும் வழக்கம்போல மல்லாட்டை. "அது மூணு மாசத்துல காசு, இது என் பேரனுக்கு" என்றார்.

பிறகு அண்ணனிடம் கேட்டார். "எண்ணெய் எடுத்தாங்களே, அந்த நெலத்துக்காரனுக்கு என்னா குடுத்தாங்க?"

"நிலத்துக்காரனுக்குப் பயிருக்கு நஷ்ட ஈடுன்னு ஏதோ குடுப்பாங்க. எண்ணெய் அவனுது இல்ல. அந்த மாநிலத்துக்கு நூத்துக்குப் பதிமூணு போவும்."

"பதிமூணா? பரவால்லயே. எங்க மலைக்கு வாட்ச்சர் வேல ரெண்டு பேருக்குக் குடுத்தாங்க, அதோட சரி."

"அந்தப் பதிமூணும் கவர்னர் பங்களாவத் தாண்டி வராதுங்க" என்றார் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். போளூர் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் கிளப்பினேன்.